செயற்கை மணிக்கட்டு: யாருக்கு வெற்றி?

நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவரின் கையை அருகில் நின்று கவனித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். கிள்ளுவது விரல்கள்தாம், ஆனால் அந்த விரல்களைச் செடியின் மேல் சரியான இடத்தில் கொண்டு நிறுத்துவதும், கிள்ளும் நொடியில் சற்றே திருகிக் கொடுப்பதும், கை நிறைந்தவுடன் முதுகுப்புறம் தொங்கும் பையை நோக்கித் திருப்பி விடுவதும் மணிக்கட்டின் வேலை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பறித்துச் சேர்க்க, ஒரு நாளில் இந்த அசைவு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கு பார்த்தாலும் இந்த வேலையில் இருப்போரில் பெரும்பாலோர் பெண்கள்.

முடக்குவாதம் என்று நாம் அழைக்கும் மூட்டழற்சி நோயும் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. ஆண்களில் ஒருவருக்கு அது வந்தால் பெண்களில் இருவர் அல்லது மூவருக்கு வருகிறது. அந்நோய் குடிபுகும் மூட்டுகளில் முக்கியமானது மணிக்கட்டு. ஆகவே நோயும் தொழிலும் ஒரே மூட்டில் வந்து சந்திக்கும் நிலை இங்கே பலருக்கு ஏற்படுகிறது.

முழங்கால் மாற்று, இடுப்பு மாற்று ஆகியவற்றை இன்று கிராமத்திலும் அறிவார்கள். அப்படியானால் மணிக்கட்டையும் மாற்றிவிடலாமே என்று கேட்பது இயல்பு. மாற்றலாம், மாற்றியும் வருகிறார்கள். அந்த அறுவை சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தருகிறது, என்னென்ன சிக்கல்களைக் கொண்டுவருகிறது என்பது பற்றி உலகின் பல பகுதிகளிலிருந்து ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றுள் முக்கியமான சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை 'வெற்றி' என்று எதைச் சொல்கின்றன, அந்த வெற்றி நம் மலைத் தோட்டத்துப் பெண்ணுக்குப் பொருந்துமா என்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டு எலும்புகளின் கூட்டம்

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். முழங்கால் ஏறத்தாழ ஒரு கீல். மணிக்கட்டை அப்படி ஒரு சொல்லில் அடக்க முடியாது. முன்கையில் ரேடியஸ், அல்னா என்னும் இரண்டு எலும்புகள். உள்ளங்கையில் ஐந்து எலும்புகள். இவற்றுக்கு நடுவே கூழாங்கற்களைப் போல இரண்டு வரிசையாக அடுக்கிய எட்டுச் சிறிய எலும்புகள். இவற்றைப் பிணைத்து வைத்திருப்பவை நார்க்கட்டுகள். கை மேலும் கீழும் மடங்கும்போதும், கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் சாயும்போதும், இந்த எட்டும் ஒன்றையொன்று அனுசரித்து நகர்கின்றன. விரல்களை இயக்கும் தசைநாண்கள் எல்லாம் இந்த மூட்டைக் கடந்துதான் செல்கின்றன.

முடக்குவாதத்தில் உடலின் காப்பு அமைப்பே தன் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்குகிறது, குருத்தெலும்பை அரிக்கிறது, நார்க்கட்டுகளைத் தளர்த்துகிறது. நாளடைவில் கை உள்ளங்கைப் புறமாக இறங்கிச் சரிகிறது. அல்னாவின் முனை புறங்கையில் துருத்திக்கொண்டு நிற்கிறது. சொரசொரப்பான அந்த முனையின் மீது உராய்ந்து உராய்ந்து, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் நிமிர்த்தும் தசைநாண்கள் ஒருநாள் அறுந்தும் போகலாம். வாகன்-ஜாக்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1948இல் இதை விளக்கினார். நேற்று வரை நிமிர்ந்த விரல் இன்று காலை தொங்கிவிட்டது என்று நோயாளி சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிட வேண்டும். மலைக் குளிரோ கொழுந்து பறிப்போ முடக்குவாதத்தை உண்டாக்குவதில்லை. குளிரில் விறைப்பு அதிகமாகத் தோன்றலாம். ஓயாத கைவேலை தசைநாண்களுக்கு வேறு வகை வலிகளைத் தரலாம். அவை வேறு, இது வேறு. காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இரு கைகளின் விறைப்பும் விலகவில்லை, மூட்டுகள் வீங்கியும் இருக்கின்றன, இது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால், அது 'வேலை வலி' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடியதன்று.

இந்நோய் எவ்வளவு பேருக்கு வருகிறது? தில்லிக்கு அருகே கிராமப்புறத்தில் மாளவியா குழுவினர் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் 0.75 சதவீதத்தினருக்கு முடக்குவாதம் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர். அவர்களில் 5 லட்சம் பேரை வயது வந்தோர் என்று கொண்டு, தில்லி விகிதம் இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 3,750 பேர். இது தோராயக் கணக்குதான். ஆயினும் விஷயம் சிறியதன்று என்பதை உணர்த்தப் போதும்.

தந்தத்திலிருந்து உலோகம் வரை

மணிக்கட்டை மாற்றும் ஆசை புதியதன்று. ஜெர்மானிய அறுவை மருத்துவர் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் 1890 வாக்கிலேயே காசநோயால் அழிந்த மணிக்கட்டுக்குப் பதிலாக யானைத் தந்தத்தால் ஆன மூட்டைப் பொருத்தினார். மூட்டு அசைந்தது, புண் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. அசைவு கிடைத்தால் வேறொன்று கெடும் என்னும் இந்த வரலாற்றின் போக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது எனலாம்.

அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் ஸ்வான்சன் 1967இல் சிலிக்கோன் என்னும் ரப்பர் போன்ற பொருளால் வளையும் மணிக்கட்டைப் பொருத்தினார். வலி குறைந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலிக்கோன் பிளந்தது. அதன் துகள்கள் சுற்றியுள்ள சவ்வில் புதிய அழற்சியைக் கிளப்பின. 1970களில் சுவிட்சர்லாந்தின் மொய்லி, அமெரிக்காவின் வோல்ஸ் ஆகியோர் உலோகத்தாலும் பாலிஎத்திலீனாலும் மூட்டுகளைச் செய்து, எலும்புச் சிமெண்டால் ஒட்டினர். இவை தளர்ந்தும் விலகியும் தொல்லை கொடுத்தன.

அதன்பின் வந்தது மேனன் என்பவரின் 'யுனிவர்சல்' மணிக்கட்டு. எட்டு எலும்புகளில் எஞ்சியவற்றை ஒன்றாக இணைத்து, அவற்றின் மேல் ஒரு தகட்டைத் திருகாணிகளால் முடுக்குவது இதன் உத்தி. 1998இல் மேனன் தாமே தம் முடிவுகளை வெளியிட்டார். 37 மணிக்கட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் ஏதேனும் ஒரு சிக்கல். அவற்றுள் அதிகம் நேர்ந்தது மூட்டு விலகுதல். தாம் வடிவமைத்த கருவியின் குறைகளைத் தாமே எண்ணிக் காட்டிய அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் அதே கருவியை முடக்குவாத நோயாளிகளிடம் ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட வேறொரு குழுவினர், ஏறத்தாழ பாதி மணிக்கட்டுகளுக்கு மறு அறுவை தேவைப்பட்டதைக் கண்டனர். பெரும்பாலும் தளர்ந்தது கைப்பக்கத் தகடுதான்.

ஏன் அந்தப் பக்கமே தளர்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நெம்புகோல் கணக்கு

முன்கையைத் தரைக்குக் கிடையாக நீட்டி, 5 கிலோ எடையைக் கையில் பிடித்திருப்பதாகக் கொள்வோம். எடை இருக்கும் உள்ளங்கை நடுவுக்கும் மணிக்கட்டின் மையத்துக்கும் இடைத்தூரம் சுமார் 8 செ.மீ. கையைத் தாழவிடாமல் இழுத்துப் பிடிக்கும் தசைநாண்களோ மையத்திலிருந்து 2 செ.மீ. தூரத்தில்தான் செல்கின்றன. நெம்புகோல் விதிப்படி 5 × 8 = 40; இதை 2ஆல் வகுத்தால் 20. அதாவது 5 கிலோவைப் பிடிக்கத் தசைநாண்கள் 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். அந்த இழுவை முழுவதும் மூட்டை நெருக்குகிறது. இறுக்கிப் பிடிக்கும் பிடியின் விசையும் இதனுடன் சேரும்.

இடுப்பிலே இந்த விசையைத் தாங்கத் தொடையெலும்பு இருக்கிறது. உள்ளே நீண்ட உலோகத் தண்டை இறக்கலாம். மணிக்கட்டின் கைப்பக்கத்தில் இருப்பவையோ நோயால் ஏற்கெனவே மென்மையாகிப்போன சிற்றெலும்புகள். அவற்றில் முடுக்கிய திருகாணி நாளொன்றுக்குப் பல ஆயிரம் முறை அசைக்கப்பட்டால் என்ன ஆகும்? சுவரில் அடித்த ஆணியைத் தினமும் ஆட்டிக்கொண்டிருந்தால் ஆவதுதான். இதனால்தான் செயற்கை மணிக்கட்டு வைத்துக்கொண்டவர்களிடம், நான்கைந்து கிலோவுக்கு மேல் அடிக்கடி தூக்காதீர்கள், கையை ஊன்றி எழாதீர்கள், சம்மட்டி போன்ற அதிர்ச்சி தரும் வேலை செய்யாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். கடின உடலுழைப்பு செய்பவருக்கு இந்த அறுவை ஏற்றதன்று என்பதே அவர்களின் பொதுக்கருத்து.

நார்வே கணக்கு

இனி முடிவுகளுக்கு வருவோம். தனி மருத்துவர் ஒருவரின் அனுபவத்தைவிட ஒரு நாடு முழுவதும் செய்த அறுவைகளின் கணக்கு நம்பத் தக்கது. நார்வே நாட்டில் அத்தகைய பதிவேடு உண்டு. 1994 முதல் 2009 வரை அங்கே செய்த 189 மணிக்கட்டு மாற்றுகளின் கணக்கு 2011இல் வெளிவந்தது. பதினாறு ஆண்டுகளில் 189 என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு. அதே நாட்டில் இடுப்பு மாற்று ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிறது. ஆகவே அனுபவம் குறைந்த, அரிதான அறுவை இது என்பது முதற் செய்தி.

ஐந்தாம் ஆண்டு முடிவில் 100க்கு 78 மூட்டுகள் மாற்றப்படாமல் இருந்தன. பத்தாம் ஆண்டில் 71. பத்தாண்டுக் கணக்குக்கு அவர்கள் தரும் ஐய எல்லை 59 முதல் 80 வரை. அதாவது, உண்மை மதிப்பு இந்த எல்லைக்குள் எங்கும் இருக்கலாம். 71 என்பதைக் கல்லில் எழுதிய எண்ணாகக் கொள்ளக் கூடாது. கருவிக்குக் கருவி வேறுபாடும் பெரிது. பயாக்ஸ் என்னும் கருவி ஐந்தாண்டில் 85 சதவீதம் நிலைத்தது. ஈலோஸ் என்பது 57 சதவீதமே. இடுப்பு, முழங்கால் மாற்றுகளில் பத்தாண்டுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைப்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

அக்கணக்கில் மற்றொன்று நம் கவனத்தை ஈர்க்கிறது. பெண்களுக்கு மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஆண்களைப் போல மூன்று மடங்கு. இதன் ஐய எல்லை 1 முதல் 7 வரை விரிந்து கிடப்பதால் உறுதியாகப் பேச முடியாது. ஆனால் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்னும்போது இதைப் புறக்கணிக்கவும் முடியாது.

பிந்தைய கருவிகள் மேம்பட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரிமோஷன் என்னும் கருவியைப் பொருத்திய 65 மணிக்கட்டுகளை ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் கவனித்த ஐரோப்பிய மருத்துவர்கள், சுமார் 90 சதவீதம் நிலைத்ததாக 2013இல் எழுதினார்கள். இது நல்ல முன்னேற்றம். எனினும் கருவியைச் சுற்றி எலும்பு கரைவது எக்ஸ்ரேயில் தெரிந்த நோயாளிகள் அவர்களிலும் உண்டு. வலி இல்லாமலே இது நடக்கலாம். ஆகவே ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது நம் விமரிசனத்தின் முதற் கேள்வி: 'நிலைத்தது' என்றால் என்ன? பதிவேட்டின் அகராதியில், மறு அறுவை செய்து கருவியை எடுக்கவில்லை என்பதே அதன் பொருள். கை வலிக்கிறது, ஆனால் இன்னொரு முறை கத்தி வைத்துக்கொள்ள மனமில்லை என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால், அவருடைய மூட்டும் 'நிலைத்த' கணக்கில்தான் சேரும். வேலையை விட்டுவிட்டவரும் அப்படியே. பதிவேடு பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான விடை தருகிறது. கருவி இருக்கிறதா என்று அது கேட்டது. கை வேலை செய்கிறதா என்று நாம் கேட்கிறோம். ஒன்றின் விடையை மற்றதன் விடையாகக் கொள்வதுதான் பிழை.

மாற்றா, இணைப்பா?

மணிக்கட்டு மாற்றுக்கு ஒரு பழைய போட்டியாளர் உண்டு. அது மூட்டு இணைப்பு. கெட்டுப்போன மூட்டின் பரப்புகளைச் செதுக்கி, ரேடியஸ் முதல் நடுவிரலின் உள்ளங்கை எலும்பு வரை ஒரு தகட்டாலோ கம்பியாலோ பிணைத்து, எல்லாம் ஒரே எலும்பாக வளரும்படி விட்டுவிடுவது. அதன்பின் மணிக்கட்டு மடங்காது. ஆனால் விரல்கள் முன்போல் மடங்கும். உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பும் அசைவு முன்கை எலும்புகளுக்கு இடையே நடப்பதால் அதுவும் இருக்கும். வலி போய்விடும், பிடிக்கு உறுதி கிடைக்கும்.

கவலியேர், சங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் முடக்குவாத நோயாளிகள் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி இரண்டையும் ஒப்பிட்டார்கள். மாற்று அறுவை 503, இணைப்பு அறுவை 860. அவர்கள் கண்டது: வலி நீங்குவதில் இணைப்பே கூடுதலாக நம்பத் தக்கது, சிக்கல்களும் மறு அறுவைகளும் மாற்றில்தான் அதிகம். இன்னும் வியப்பானது ஒன்று. மாற்று அறுவையின் தனிச்சிறப்பே அசைவுதானே? அறுவைக்குப் பின் கிடைத்த அசைவை அளந்து கூறிய 14 ஆய்வுகளில் மூன்றில் மட்டுமே சராசரி அசைவு அன்றாட வேலைக்குத் தேவையான வீச்சை எட்டியிருந்தது!

இதைப் படித்தவுடன் 'இணைப்பே மேல்' என்று தீர்ப்பெழுதிவிடத் தோன்றும். பொறுக்க வேண்டும். அத்திரட்டிலும் குறை உண்டு. சமமான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனையல்ல அது. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காலங்களில் எழுதிய தனித்தனித் தொகுப்புகளின் கூட்டல். மிகவும் சிதைந்த மணிக்கட்டுகளுக்கு இணைப்பையே பலர் தேர்ந்திருப்பார்கள். பழைய கருவிகளின் தோல்விகளும் அதில் கலந்துள்ளன. இணைப்புக்கும் சிக்கல்கள் இல்லாமலில்லை: எலும்பு சேராமல் போகலாம், தகடு உறுத்தலாம், புண் ஆறத் தாமதமாகலாம். இரண்டு மணிக்கட்டும், அவற்றோடு முழங்கையும் தோளும் கெட்டவருக்கு இரண்டையும் இணைத்துவிட்டால் உடம்பைச் சுத்தம் செய்துகொள்வதே கடினமாகும். அவருக்கு ஒரு கையிலாவது அசைவு இருப்பது பெரிய வரம். மாற்று அறுவை தன் உண்மையான இடத்தைப் பெறுவது இங்கேதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தோற்றுப்போன செயற்கை மூட்டைப் பின்னர் எடுத்துவிட்டு இணைத்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்வதுண்டு. முடியும், ஆனால் அதற்குள் எலும்பு கரைந்திருக்கும். இடுப்பிலிருந்து எலும்பை எடுத்து இட்டு நிரப்ப வேண்டிவரும். முதலிலேயே செய்த இணைப்பைவிட அது கடினமான அறுவை.

எந்தக் கையை வைத்து அளந்தார்கள்?

'அன்றாட வேலைக்குத் தேவையான வீச்சு' என்றோமே, அதை யார் நிர்ணயித்தார்கள்? நம் விமரிசனத்தின் இரண்டாவது கேள்வி இது.

1984இல் பிரம்ஃபீல்டு, ஷாம்போ ஆகிய இருவர் 19 பேரின் கையில் அளவுக் கருவியைப் பொருத்தி, கோப்பையிலிருந்து குடிப்பது, முள்கரண்டியால் உண்பது, தொலைபேசியைக் காதருகே பிடிப்பது போன்ற வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். கீழ்நோக்கி 10 பாகை, மேல்நோக்கி 35 பாகை போதும் என்றார்கள். 1985இல் பால்மர் குழுவினர் 52 வேலைகளை அளந்து, கீழ்நோக்கி 5, மேல்நோக்கி 30 என்றார்கள். 1991இல் ரியூ குழுவினரோ 40 பேரை அளந்து, இரு பக்கமும் 40 பாகை வேண்டும் என்றார்கள். மொத்த வீச்சைக் கூட்டினால் முறையே 45, 35, 80 பாகை. ஒரே மனிதக் கை, மூன்று விடைகள். எந்த வேலையைச் செய்யச் சொன்னார்கள், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை இரட்டிப்பாகிறது!

கையின் பயனை அளக்க உலகெங்கும் வழங்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. 'டாஷ்' என்று அதற்குப் பெயர். இறுகிய ஜாடியைத் திறப்பது, சாவியைத் திருப்புவது, படுக்கை விரிப்பது எனப் பொருத்தமான கேள்விகள் பல அதில் உள்ளன. கூடவே கால்ஃப், டென்னிஸ், பறக்கும் தட்டு வீசி விளையாடுவது ஆகியவையும் எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. அதை இயற்றியவர்கள் தங்கள் ஊர் மக்களை மனத்தில் வைத்து இயற்றினார்கள், அது குற்றமன்று. தொழிலைப் பற்றித் தனியே கேட்க விரும்புவோருக்கு ஒரு சிறு இணைப்பும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாளை அப்படியே எடுத்துவந்து கேட்டுவிட்டு, கிடைத்த மதிப்பெண்ணைத் தோட்டத் தொழிலாளியின் வெற்றிக்கு அளவாகக் கொண்டால் குற்றம் நம்முடையது.

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் 42 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வேண்டியவை என்ன? சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க வேண்டும். குடத்தைக் குழாயடியிலிருந்து தூக்க வேண்டும். சேலை கட்ட வேண்டும், தலை பின்ன வேண்டும். சரிவில் கால் வழுக்கினால் கையை ஊன்ற வேண்டும். கொழுந்து பறிக்க வேண்டும்; இலை குறைவான மாதங்களில் கத்தரி கொண்டு வெட்டவும் வேண்டியிருக்கலாம். நிறைந்த பையை நிறுக்கும் இடத்துக்குச் சுமந்து வர வேண்டும். அது 10 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். இவை அனைத்தையும் இன்னும் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் செய்ய வேண்டும்.

செயற்கை மணிக்கட்டு அவருக்குச் சோறு பிசையவும் தலை பின்னவும் உதவும். ஆனால் குடத்தையும் பையையும் அது தடை செய்கிறது. கையூன்றி விழுவதைத் தாங்காது. பதினாறு ஆண்டுக்கு உத்தரவாதமும் இல்லை. இணைத்த மணிக்கட்டு குடத்தையும் பையையும் அனுமதிக்கும். விரல்கள் நன்றாக இருந்தால் கிள்ளவும் முடியும், முழங்கையும் தோளும் ஈடுகொடுக்கப் பழகிக்கொள்ளும். ஆனால் பறிப்பின் வேகம் குறையலாம். கூலி பறித்த எடையோடு தொடர்புடையது என்பதால் அந்த வேகம் அவருக்கு அரிசி விலை. இந்த இழப்பும் லாபமும் எந்தப் பாகைமானியிலும் தெரியாது. நோயாளியைக் கேட்டால் தெரியும்.

தூரமும் ஒரு கணக்குதான். ஆண்டுதோறும் எக்ஸ்ரே, திடீரென்று வீங்கினால் உடனே மருத்துவர் என்பது செயற்கை மூட்டுடன் சேர்ந்து வரும் பொறுப்பு. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆயினும் கைக்கென்றே பயின்ற அறுவை மருத்துவரைக் காணக் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். பந்தலூரிலிருந்து இறங்கி ஏறுவது ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஒஸ்லோவில் நல்ல முடிவு தந்த கருவி, இந்தச் சாலையின் மேல்முனையில் அதே முடிவைத் தரும் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

வேலூர் கற்ற பாடம்

இந்தக் கேள்விகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றத்தால் நிமிர்த்திக் காட்டினார். உலகமே பாராட்டிய வெற்றி அது. ஆனால் நிமிர்ந்த கையோடு ஊர் திரும்பிய நோயாளி ஒருவர், இந்தக் கையை வைத்துப் பிச்சை எடுக்க முடியவில்லை, வேலையும் யாரும் தரவில்லை என்று திரும்பி வந்து முறையிட்டதாக அவர் வரலாற்றில் காண்கிறோம். பிராண்ட் அந்த முறையீட்டைத் தள்ளிவிடவில்லை. 1950களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குத் தச்சு வேலை முதலியவை கற்பிக்கும் புதுவாழ்வு மையம் வேலூரில் எழுந்தது. எந்தக் கருவியை எப்படிப் பிடித்தால் அந்தக் கை தாங்கும் என்று அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். அறுவை மேசையில் கிடைத்த வெற்றி, வேலை மேசையில்தான் உறுதியாகும் என்பது அந்தப் பாடம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் வெங்கடசாமி 1971இல் தொடங்கிய கை அறுவைப் பிரிவு பின்னாளில் வளர்ந்து, ஆராய்ச்சியையும் மறுவாழ்வையும் தன் பெயரிலேயே ஏற்றுக்கொண்டது.

அந்தப் பாடத்தை மணிக்கட்டு மாற்றுக்கும் பொருத்த வேண்டும் என்பதே நாம் கேட்பது. நம் நாட்டில் இடுப்பு, முழங்கால் மாற்றுகளுக்குப் பதிவேடு தொடங்கியிருக்கிறார்கள். மணிக்கட்டுக்கும் ஒன்று வேண்டும். ஆனால் அதில் 'கருவி இருக்கிறதா?' என்ற ஒரு கட்டம் மட்டும் போதாது. அறுவைக்கு முன் என்ன தொழில்? ஓராண்டுக்குப் பின் அதே தொழிலா, வேறா, இல்லையா? மாதத்தில் எத்தனை நாள் வேலை? கையால் உண்ண முடிகிறதா? நீர் சுமக்க முடிகிறதா? இரவு வலியின்றித் தூக்கம் வருகிறதா? இவற்றைக் கேட்க விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும், காது கொடுத்துக் கேட்கப் பத்து நிமிடமும் போதும்.

முன்னே செய்ய வேண்டியது

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. மாற்றா இணைப்பா என்ற கேள்வியே எழாமல் செய்ய இன்று வழி இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து 1980களிலிருந்து முடக்குவாதத்தில் பரவலாக வழக்கத்துக்கு வந்தது. விலை குறைவு. மூட்டுச் சவ்வின் அழற்சியை அடக்கி, எலும்பு அரிக்கப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. இதுவும் பின்னர் வந்த மருந்துகளும் பரவிய நாடுகளில், முடக்குவாதத்துக்காகச் செய்யும் மூட்டு அறுவைகளே குறைந்துவிட்டன. மருத்துவர் சொற்படி வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. நாள்தோறும் உண்டால் ஆபத்து. அவ்வப்போது இரத்தப் பரிசோதனை வேண்டும். கருவுற்றவர் உண்ணக் கூடாது. இந்த நிபந்தனைகளுடன் நோயின் முதல் மாதங்களிலேயே தொடங்கினால்தான் முழுப்பலன். தோட்ட மருந்தகத்தில் வலி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு மூன்றாண்டு கழித்து வருபவருக்கு, மருந்து நோயை அடக்கலாம். அரிக்கப்பட்ட எலும்பைத் திருப்பித் தராது.

செயற்கை மணிக்கட்டு ஏமாற்று வேலையன்று. இரு கைகளும் கெட்டு, கனமான வேலை இல்லாத ஒருவருக்கு, பயின்ற மருத்துவர் பொருத்தி, தொடர்ந்து கவனிக்கவும் முடியுமானால், அது நல்ல பலன் தரும். ஆனால் கையை நம்பிப் பிழைப்பவருக்கு அது முதல் தேர்வாக ஆகும் காலம் இன்னும் வரவில்லை என்பதே ஆய்வுகளைக் கூர்ந்து படித்தால் கிடைக்கும் முடிவு.

மாணவர்கள் இதிலிருந்து மருத்துவத்துக்கு அப்பாலும் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். நூற்றுக்கு இத்தனை வெற்றி என்று எங்கே படித்தாலும், மூன்று கேள்விகளை உடனே கேளுங்கள்: எதை வெற்றி என்றார்கள்? யாரை எண்ணினார்கள்? எத்தனை ஆண்டு பார்த்தார்கள்? எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்காத கேள்விக்கு அவை விடை சொல்வதும் இல்லை. கொழுந்து பறிக்கும் அந்தக் கையைப் பற்றிய கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.